மலையைச் சுற்றிப் போன தண்டவாளம்

ஜவ்வாது மலைக்கு மேற்கே ஜோலார்பேட்டை, கிழக்கே போளூர். இரண்டு ஊரிலும் ரயில் உண்டு. நடுவில் இருக்கும் மலைமேல் மட்டும் தண்டவாளம் ஏறியதே இல்லை. இதன் கதையைப் படிக்கச் சிறந்த இடம், சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடத் தாள், அதாவது டோப்போஷீட்.

மலையின் பெரும்பகுதி 57 எல் தொகுதியில் வருகிறது. மலைமேல் இருக்கும் காவலூரும் ஜமுனாமரத்தூரும் அதில் 14-ஆம் தாள். ஜோலார்பேட்டை 10-ஆம் தாள். பழைய பதிப்புகளில் ஒரு மைல் ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கும். மெட்ரிக் முறை வந்தபின் 1:50,000.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய மெட்ராஸ் ரயில்வே, அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக இந்த மலையை ஒதுங்கிக் கடந்து மேற்குக் கரைக்குப் போய்விட்டது. கிழக்கே விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பிறகு வந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, பஞ்சத்தில் தானியம் போய்ச்சேர வேண்டும் என்று 1905-ல் ஒரு நாரோ கேஜ் பாதையும் போட்டார்கள். பஸ்ஸும் லாரியும் பெருகிய காலத்தில், 1936-ல் அதை மூடினார்கள். இன்று அதைத் தேடுபவருக்குப் பழைய தாள்தான் வழிகாட்டி.

மலைக்கு வந்தால் கோடுகள் மெலிகின்றன. வண்டித்தடம், பொதிமாட்டுத் தடம், ஒற்றையடிப் பாதை என்று மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள். சாமையும் புளியும் சந்தைக்கு இறங்கிய வழிகள் இவை. சாகுபடி நிலம் மஞ்சள், காடு பச்சை, உயரக் கோடுகள் பழுப்பு. சமவெளி ஏரியின் கரை எவ்வளவு உயரம் என்பதைக்கூட எண்ணால் எழுதியிருப்பார்கள். அந்தக் கவனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் மஞ்சளை அப்படியே நம்பிவிடக் கூடாது. சர்வேயர் வந்துபோவது ஒரு பருவத்தில். ஒரு வருஷம் கொத்தி விதைத்து, மறு வருஷம் தரிசாகப் போட்ட சரிவு அவர் கண்ணுக்குப் புதராகத்தான் தெரிந்திருக்கும். ரிசர்வ் காட்டின் எல்லைக்கோடோ ஒருமுறை விழுந்தால் பதிப்புக்குப் பதிப்பு தொடரும்.

வரைபடத்தின் இந்தக் குறை வெறும் பழங்கதை இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் வரைபடங்களையும் சான்றாகச் சேர்த்திருக்கின்றன. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் கையில் இருந்தது என்று காட்ட வேண்டிய மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்குப் பச்சைக்குள் இருக்கும் ஒரு குடிசைக் குறி உதவும். குறி இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளுவது நியாயமில்லை. தாளில் ஏறாத கொல்லைக்கு, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வைக்கலாம். அதே விதிகள் அதையும் சான்றாக ஏற்கின்றன.