டிக்கெட்டில் காணாத ஐந்தரை மணி

கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், ஒரு தை மாதம் பிள்ளையை லண்டன் விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தார். டிக்கெட்டில் புறப்பாடு காலை ஐந்தரை, இறங்குவது பதினொன்று. மத்தியானம் இரண்டு மணியாகியும் போன் வரவில்லை. மாமி சாப்பிடவில்லை, அழுதேவிட்டார்!

நீங்களும் இப்படிப் பயந்துவிடாதீர்கள். அந்தப் பதினொன்று லண்டன் கடிகாரத்தினுடையது. நமக்கு மாலை நாலரை. (கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அப்போது மூன்றரை.) மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரோ நேர்வழியில் சுமார் 8,200 கிலோமீட்டர். போவதற்கு ஏறக்குறையப் பதினோரு மணி பிடிக்கும். திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சற்றுக் குறையும்.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து கிளம்பிய டாட்டா தபால் விமானத் தபால், மறுநாள்தான் சென்னை சேர்ந்தது. அதைப் பார்த்தால் இது எம்மாத்திரம்!

மாமியின் பிள்ளை ஐந்தே முக்காலுக்குப் பேசினான். பாஸ்போர்ட் வரிசை நீளமாம்.