ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் என்ன எழுதுகிறார்கள்?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் காணிக்கை எண்ணுவது என் வேலை. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் கமிட்டி இதை என் தலையில் கட்டிவிட்டது. மயிலாடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஒருபக்கம் வயல், மறுபக்கம் கல்லில் சிலை கொத்தும் பட்டறைகள். சில்லறையும் நோட்டும் எண்ணுவதில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது. விஷயமெல்லாம் நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில்தான் இருக்கிறது. பெயர், தொகை, காரணம் என்று அதில் மூன்று வரி அச்சிட்டிருக்கும். மூன்றாவது வரியை மட்டும் வாசித்தால் போதும், ஊரில் அந்த வாரம் நடந்தது முழுக்கத் தெரிந்துவிடும்.

‘மகனுக்குக் குவைத் விசா வந்ததற்காக.’ ‘பசு சுகமாகக் கன்று ஈன்றதற்காக.’ ‘கும்பப்பூ அறுப்பு முடியும்வரை மழை பொறுத்ததற்காக.’ ‘பைக்கிலிருந்து விழுந்தும் எலும்பு முறியாததற்காக.’ தொகை பத்து ரூபாயும் இருக்கும், பத்தாயிரமும் இருக்கும். பத்து ரூபாய்க் கவரில்தான் காரணம் நீளமாக எழுதியிருக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். இங்கே ஜெபம் ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம் அல்ல. எழுந்ததும் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் குடும்ப ஜெபம். கத்தோலிக்க வீடு என்றால் ஜெபமாலை. வேலைக்குப் போகிற வழியில் சிலுவை நட்ட குருசடி வந்தால் ஆட்டோக்காரர்கூட வேகத்தைக் குறைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்.

ஆண்டவரிடம் கேட்பது பல மதங்களிலும் உண்டு. கேட்கும்போதே நன்றியையும் சேர்த்துச் சொல்லப் பழகுவது கிறிஸ்தவ ஜெபத்தின் பாடம். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அதை எழுதும்போது அவர் காவலில் இருந்தார், விடுதலை ஆகுமா என்பது அவருக்கே நிச்சயமில்லை. காரியம் கைகூடிய பிறகு சொல்வது மட்டும் நன்றியல்ல என்று இந்த ஊர்ப் பாட்டிமாருக்கும் தெரியும். அவர்கள் அதை அரிசியில் காட்டுவார்கள்.

உலை கொதிக்கும்போது என் அம்மா படியால் அரிசி அளந்து சுளகில் போடுவாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்புக்குப் பக்கத்திலிருக்கும் தகர டப்பாவில் போடுவாள். வாய் ஏதோ முணுமுணுக்கும். ஞாயிறன்று டப்பா கோயிலுக்குப் போகும். இதுதான் பிடியரிசி. சேர்ந்த அரிசியை விற்று ஊழியக்காரருக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பார்கள். “நமக்கே காணாதே, இதுல பிடி வேறயா?” என்று அப்பா கேட்டால், “ஒரு பிடி குறைஞ்சா ஒருத்தரும் பட்டினி கிடக்க மாட்டோம். போட்டாத்தான் நாம இருக்கப்பட்டவங்கன்னு நமக்கே தெரியும்” என்பாள்.

அந்தப் பதிலின் ஆழம் எங்கள் பகுதியின் வரலாறு தெரிந்தால்தான் பிடிபடும். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூர்ப் பக்கம் போய், ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். அவர் அழைத்ததன் பேரில் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. உடல்நலம் கெட்டு 1816-ல் ஊரைவிட்டுப் போகும்போது, சபைகளை அவர் வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார்.

அன்று அந்தக் கோயிலில் உட்கார்ந்தவர்கள் தலைவரி கட்டியவர்கள். அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்கள். பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கக் கொடுத்தே பழகிய கை அது. யாரும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல், அந்தக் கை தானாக அள்ளிப் போட்ட முதல் பிடி சாதாரணமானதல்ல. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது என்று அடிமைப்பட்டவன் நிமிர்ந்து சொன்ன சொல் அது. நன்றி மனிதனைக் குனிய வைக்கும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது பிடியரிசி குறைந்துவிட்டது. கோயில் சுவரில் கூகுள் பே அட்டை தொங்குகிறது. அறுப்பின் பண்டிகை மட்டும் குறையவில்லை. ஏத்தன் குலை, வருக்கச் சக்கை, சேனை, தேங்காய், காலைக் கட்டிய சேவல் எல்லாம் கோயில் முற்றத்தில் வந்து குவியும். ஏலம் விடுபவருக்கு நல்ல தொண்டையும் நையாண்டியும் வேண்டும். ஒரு தடவை ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை ஐந்நூறு ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. “திருப்பி ஏலத்துல விடும்” என்று மேசையில் வைத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். முட்டை உடையும்வரை விற்பார்கள் போல என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

இவ்வளவும் நல்ல காலத்துக்குச் சரி. கஷ்டகாலத்தில்?

தேவசகாயம் பிள்ளை நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். குடும்பத்தில் நஷ்டம் வந்து மனமுடைந்திருந்த வேளையில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். எல்லாம் இழந்தவன் கடவுளோடு வழக்காடும் கதை அது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவரைச் சிறைப்பிடித்து, ஊர் ஊராக இழுத்துச் சென்று சித்திரவதை செய்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஜெபம் அவரைத் துப்பாக்கிக் குண்டிலிருந்து காப்பாற்றவில்லை. கடைசிவரை அவர் ஜெபத்தை விடவுமில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் ஆழ்கடலில் கிடந்தன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. கடற்கரைக் கோயில்களில் இரவும் பகலும் ஜெபம் நடந்தது. அதே ஜனங்கள்தான் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடப் போங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். கடவுளை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்று யார் சொன்னது? நோய்க்கும் அப்படித்தான்: 1838-லேயே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல், 1922 பயணத்துக்குப் பிறகு நெய்யூர் ஆஸ்பத்திரியின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து இங்கேயே பணிசெய்ய முடிவெடுத்தார். ஜெபம் பண்ணிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

கவர்களில் பேரம் பேசுகிறவையும் உண்டு. ‘பாஸானால் இன்னும் ஆயிரம்’ என்று எழுதும் பையனைக் குறை சொல்ல மாட்டேன். பயம் அப்படித்தான் பேசும். போன வருஷம் வந்த ஒரு கவரையும் சொல்ல வேண்டும். கணவரை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகாத பெண். காரணம் என்ற இடத்தில், ‘அவர் படுக்கையில் கிடந்தபோது புரட்டிப் படுக்கவைக்க ராத்திரி வந்த பிள்ளைகளுக்காக’ என்று எழுதியிருந்தாள். அவள் கேட்ட சுகம் கிடைக்கவில்லை. கிடைத்ததை அவள் மறக்கவுமில்லை.

காரணங்களை ஆராதனையில் வாசிப்பதால் நேரம் போகிறது, நிறுத்திவிடலாம் என்று சமீபத்தில் கமிட்டியில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாசித்தால்தான் யார் வீட்டில் பசு ஈன்றது, யார் வீட்டில் ஆள் படுத்தது என்று நாலுபேருக்குத் தெரியும். ராத்திரி புரட்டிப் போட வந்த அந்தப் பிள்ளைகளும், முன்னொரு ஞாயிறு அவள் கவரை வாசிக்கக் கேட்டுப் போனவர்கள்தான். தீர்மானம் தள்ளுபடி ஆனது. இப்போதும் வாசிக்கிறோம், ஆராதனை பத்து நிமிஷம் பிந்தித்தான் முடிகிறது.