அதிரசத்திற்கு ஒரு ராஜா தேவையா?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாண்டுகளுக்கு முன், அதிரசத்திற்கு நான் ஒரு பொய்க் கதை கட்டினேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, புகுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்குச் சீனத் தோழிகள் கிடைத்தனர். தங்லுங் விழா வந்தால் மூன்கேக்கோடு அதன் கதையும் வரும். பதினான்காம் நூற்றாண்டில் சீனாவை மங்கோலியர் ஆண்டனர். அவர்களை எதிர்த்த சூ யுவான்சாங்கின் ஆட்கள், 'எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் எழுங்கள்' என்று எழுதிய சீட்டுகளை மூன்கேக்கின் உள்ளே மறைத்து வீடு வீடாக அனுப்பினார்களாம். குறித்த இரவில் மக்கள் எழுந்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது, 1368இல் மிங் அரசு அமைந்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து மூன்கேக்கைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் கடிக்கிறேன், உள்ளே சீட்டு கீட்டு இருக்குமோ என்று.

பல்கலைக்கழக விடுதியில் என் சீன அறைத்தோழியும் இதே கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்கள் தீபாவளிப் பலகாரத்திற்கு என்ன கதை?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஒரு சோழ ராஜா, பல் விழுந்த அவருடைய தாயார், கெட்டிக்காரச் சமையற்காரர் என்று இரண்டே நிமிடத்தில் அளந்துவிட்டேன். அந்த ஆண்டு விடுதித் தீபாவளி விருந்தில் அவள் அதை மேடையேறிச் சொன்னாள். ஒரே கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த உறுத்தலில்தான் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். மூன்கேக் கதைக்கு அக்கால வரலாற்று நூல்களில் சான்று இல்லையாம். 'யுவேபிங்' என்ற பெயரோ அந்தக் கிளர்ச்சிக்கும் முந்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹாங்சோ நகர வாழ்க்கையை எழுதி வைத்த சோ மி, ஆவியில் வேகவைத்த பண்டங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார். விழா நாளன்று குடும்பம் ஒன்றுகூடுவதன் அடையாளமாக மக்கள் அதைப் பரிமாறிக்கொண்டதைப் பதினாறாம் நூற்றாண்டில் தியென் ருசெங் குறித்துள்ளார். அங்கே சீட்டும் இல்லை, போரும் இல்லை.

ஐரோப்பாவில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, விடியுமுன் எழுந்த ரொட்டிக்காரர்கள் சுரங்கம் தோண்டும் ஓசையைக் கேட்டு நகரைக் காத்தனராம். வெற்றியின் நினைவாகப் பிறை வடிவில் சுட்டதே குரோசான் ஆனதாம். ஆனால் கிப்ஃபெல் என்ற பிறை ரொட்டி அதற்கு முன்பே அங்கே இருந்தது. அதைப் பாரிசில் பரப்பியது, 1830களின் இறுதியில் ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் அங்கே திறந்த ரொட்டிக்கடை.

இரண்டு கதையிலும் வாசலில் அந்நியன் நிற்கிறான்; அவனை மாவு பிசைகிறவன் வெல்கிறான். அரசனையும் படைத்தலைவனையும் விட்டுவிட்டு ரொட்டிக்காரனுக்கு வெற்றியைக் கொடுத்த இந்தக் கதைகளைப் பொய் என்று தூக்கிப் போட எனக்கு மனமில்லை. சாப்பிடும்போதெல்லாம் அந்த வெற்றியை நினைத்துக்கொள்ளலாமே!

நமக்கு நேர்மாறு. அதிரசத்திற்குக் கதை எதுவும் என் கையில் சிக்கவில்லை, கல்வெட்டுதான் சிக்கியது. விஜயநகர ஆட்சிக்காலத்துத் திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் 'அதிரசப்படி' என்று படையலின் பெயரும், அதற்கு ஆகும் அரிசி, நெய், சர்க்கரையின் அளவும் வெட்டப்பட்டுள்ளன. கடைக்காரரின் கணக்குப் புத்தகம்போல! ராஜாவின் பல் விழுந்த தாயாரைக் காணோம்.

இதையெல்லாம் அறைத்தோழியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் முறைத்தாள். பிறகு, "கல்வெட்டைச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?" என்றாள்.

போன தீபாவளிக்கு அவளை வீட்டிற்கு அழைத்துப் போனேன். பாட்டி வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிக் காட்டினார். "அதிரசம் எங்கிருந்து வந்தது பாட்டி?" என்றேன். "எங்கம்மா கையிலிருந்து" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, பதம் தப்பினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும் என்று தமக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். அவள் குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.