சிவப்பு விளக்குக்கு முன்னாடி: டிராக் காடியில டிஜிட்டல் டேஷ்

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பேரிங் ஓடு, மிக அருகில்]

மலாக்கா, டுரியான் துங்கால்ல இருந்து பேசுறேன். என் கையில இருக்கிறது இஞ்சினுக்குள்ள கிராங்கைத் தாங்குற பேரிங். இது சாம்பல் நிறத்துல, விரலால தடவினா வழுவழுன்னு இருக்கணும். இப்போ பாருங்க. மேல் பூச்சு போயி செம்பு தெரியுது. நகத்தை வச்சா கீறல்ல மாட்டுது.

இது என் பழைய காடியோடது. ஒரு டிராக் டே அன்னைக்கு, வளைவுக்கு நடுவுல ஆயில் விளக்கு ஒரே ஒரு தடவை சிவப்பா மின்னி அணைஞ்சது. வெயில்ல ஏதோ பட்டுத் தெறிச்சதுன்னு நினைச்சு இன்னும் ரெண்டு சுத்து ஓட்டினேன். பிட்டுக்குள்ள வந்தப்போ இஞ்சின் தட்டுற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டுச்சு. அந்த இஞ்சினைக் காப்பாத்தியிருக்கலாம். நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கல. அதுக்காகத்தான் இந்தக் காணொளி.

முதல்ல ஒரு கேள்வி. அந்த விளக்கு ஏன் அவ்வளவு தாமதமா எரிஞ்சது?

கம்பெனி பொருத்தித் தர்ற ஆயில் விளக்குக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு சாதாரண சுவிட்ச். அழுத்தம் ரொம்ப விழுந்தாத்தான், பல காடிகள்ல 5, 7 பிஎஸ்ஐ அளவுக்கு விழுந்தாத்தான், விளக்கு எரியும். பழைய ஃபோர்மன்கள் ஒரு கணக்கு சொல்வாங்க: ஆயிரம் சுழற்சிக்கு 10 பிஎஸ்ஐ. அதாவது 6000 ஆர்பிஎம்ல சுமார் 60 பிஎஸ்ஐ வேணும். 60-லிருந்து 7 வரைக்கும் இறங்குற வழி முழுக்க அந்த விளக்கு வாயைத் திறக்காது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். 1991-ல டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு, மலாக்கா முழுக்கத் தண்ணிக்குத் தவிச்சது. வீட்டுல இருக்கிறவங்களுக்குக் குழாய் நின்னப்போ தெரிஞ்சது. ஆனா ஏரிக்கரையில நின்னு பார்த்தவங்களுக்குத் தண்ணி இறங்கி இறங்கிப் போனது கண் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆயில் விளக்கு வீட்டுக் குழாய் மாதிரி. மீட்டருக்குப் பதிலா நாம மாட்டப் போற திரை, அதாவது டிஜிட்டல் டேஷ், ஏரிக்கரை மாதிரி. எது வத்துதுன்னு வத்தும்போதே காட்டும்.

டெம்பரேச்சர் முள்ளும் இப்படித்தான். நிறைய காடிகள்ல அந்த முள் நடுவுல அசையாம நிக்கிற மாதிரிதான் அமைச்சிருப்பாங்க. ரோட்டுல போறவர் பதறக்கூடாதுன்னு செஞ்சது அது. டிராக்ல நமக்கு வேண்டியது நிம்மதி இல்ல, உண்மை.

சரி, டிராக்ல மட்டும் ஏன் ஆயில் அழுத்தம் விழுது? மலாக்காவிலிருந்து நாம ஓட்டப் போற பெரிய டிராக் செப்பாங். 1999-ல திறந்தது, அந்த வருஷத்திலிருந்து 2017 வரைக்கும் ஃபார்முலா 1 நடந்த இடம். ஒரு சுத்து 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதுல 5-ஆம் வளைவும் 6-ஆம் வளைவும் நீளமானவை, வேகமானவை. காடி இடது பக்கம் திரும்பும்போது உங்க உடம்பு வலது பக்கம் சாயுது இல்லையா? இஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி, அதாவது சம்ப்புக்குள்ள இருக்கிற மினியாக் ஹீத்தாமும் (இஞ்சின் ஆயிலும்) அப்படியே வலது பக்கச் சுவர்ல ஏறி நிக்கும். ஆயிலை உறிஞ்சுற குழாய் நடுவுல காத்தை உறிஞ்சும். அந்தச் சில நொடிகள்லதான் பேரிங் இப்படி ஆகுது.

எங்க அப்பா தோட்டத்துல பால் லாரி ஓட்டினவர். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிடுவார். ஆனா ஹெல்மெட் போட்டு, எக்ஸாஸ்ட் திறந்து, 7000 ஆர்பிஎம்ல ஓடுற காடியில அந்தக் காது நமக்கு உதவாது. அந்தக் காதோட வேலையைத்தான் இந்தத் திரைக்குக் கொடுக்கப் போறோம்.

[காட்சி: மேசை மேல் டேஷ், வயர்கள், சென்சார்கள்]

முதல் படி: தகவல் எங்கிருந்து வரும்?

மூணு வழி இருக்கு. ஒண்ணு, ஓபிடி துளை. ஸ்டியரிங் கீழ இருக்கும், 16 முனை. செருகினா ஆர்பிஎம், தண்ணிச் சூடு, வேகம் வரும். ஆனா இது கேள்வி பதில் முறை. டேஷ் ஒவ்வொண்ணா கேட்கும், இஞ்சின் கம்ப்யூட்டரான இசியு ஒவ்வொண்ணா சொல்லும். பழைய காடிகள்ல நொடிக்குச் சில தடவைதான் பதில் வரும். இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கோங்க: பெரும்பாலான காடிகள்ல ஓபிடி வழியா ஆயில் அழுத்தம் வராது. அங்க இருக்கிறதே வெறும் சுவிட்ச்தான், எண் எங்கிருந்து வரும்?

ரெண்டாவது, கேன் பஸ். 1986-ல ஜெர்மனியின் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தின முறை. ரெண்டே வயர், ஒண்ணோட ஒண்ணு முறுக்கியிருக்கும். நீங்க ரேஸ் இசியு போட்டிருந்தா, அது தனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் இந்த ரெண்டு வயர்ல கொட்டிக்கிட்டே இருக்கும். டேஷ் கேட்கவே வேணாம்.

மூணாவது, நாமே பொருத்துற சென்சார். ஆயில் அழுத்தத்துக்கு இதுதான் வழி. இத்தாலியின் எய்ம், ஆஸ்திரேலியாவின் மோட்டெக், ஹால்டெக் மாதிரி டேஷ்களுக்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். திரையை வாங்கிட்டு சென்சார்ல மிச்சம் பிடிக்கிறவங்களை நிறைய பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. பணம் குறைவா இருந்தா சின்ன திரை வாங்குங்க, நல்ல சென்சார் போடுங்க.

ரெண்டாவது படி: சென்சாரை எப்படி மாட்டுறது?

[காட்சி: இரண்டு மரைகள் அருகருகே]

இந்த ரெண்டு மரையையும் உத்துப் பாருங்க. கண்ணுக்கு ஒண்ணு போலத் தெரியும். ஜப்பான் வழி இஞ்சின்கள்ல ஆயில் சுவிட்ச் மாட்டுற துளையில பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 மரை. கடையில கிடைக்கிற நிறைய சென்சார்கள்ல 27 மரை. கையில முடுக்கினா ரெண்டு மூணு சுத்து சுலபமா போகும். அப்புறம் பலம் கொடுத்து ஏத்தினா இஞ்சின் பிளாக்கோட மரையே வெட்டுப்படும். சரியான அடாப்டர் வாங்குங்க.

அடுத்து, டி வடிவ பித்தளை இணைப்பு ஒண்ணை பிளாக்ல மாட்டி, அதுல கனமான சென்சாரைத் தொங்க விடாதீங்க. அதிர்வுல பித்தளை கழுத்தோட முறியும். முறிஞ்சா ஆயில் பீச்சிக்கிட்டு எக்ஸாஸ்ட் மேல விழுந்து தீப்பிடிக்கும். ஸ்டீல் பின்னல் போட்ட சின்ன ஹோஸ் வழியா எடுத்து, சென்சாரை பாடியில கிளிப் போட்டு நிறுத்துங்க. மரையில வெள்ளை டேப்பைச் சுத்தாம திரவ சீலன்ட் தடவுங்க. டேப் துணுக்கு பிஞ்சு ஆயில் வழியை அடைச்சிரும்.

மூணாவது படி: வயரிங்.

டேஷுக்குச் சாவி போட்டா வர்ற மின்சாரம், தனி பியூஸ். எர்த்தை இசியு எர்த் இருக்கிற இடத்துலேயே கொடுங்க. கண்ட இடத்துல பாடியில கொடுத்தா எண்கள் ஆடும். இணைப்புகளைச் சரியான கிரிம்ப் கருவியால அழுத்துங்க. சோல்டர் வச்ச இடத்துல வயர் விறைச்சுப்போய் அதிர்வுல ஒடியும். சென்சார் வயரை இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்துல ஓட்டாதீங்க.

கேன் வயருக்கு ஒரு சோதனை இருக்கு. மின்சாரத்தை நிறுத்திட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு கேன் வயருக்கும் நடுவுல பாருங்க. 60 காட்டணும். ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதுக்கு அது சாட்சி. 120 காட்டினா ஒரு முனையில ரெசிஸ்டர் இல்ல. 60 இருந்தும் திரையில எதுவும் வரலைன்னா, இசியு வேகமும் டேஷ் வேகமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒண்ணு 500 கிலோபிட்லயும் இன்னொண்ணு 1 மெகாபிட்லயும் இருந்தா பேச்சே நடக்காது.

நாலாவது படி: எண் உண்மையா?

ஆயில் அழுத்த சென்சார் நிறைய பேர் வாங்குறது 0.5-லிருந்து 4.5 வோல்ட் வரைக்கும் கொடுக்கிற வகை. 150 பிஎஸ்ஐ சென்சார்னா 2.5 வோல்ட்டுக்கு 75 பிஎஸ்ஐ. இப்போ நீங்க மாட்டினது 100 பிஎஸ்ஐ சென்சார், அமைப்புல தப்பா 150-ன்னு போட்டுட்டீங்கன்னு வைங்க. உண்மையில இருக்கிறது 50, திரை காட்டுறது 75. கெட்ட மீட்டரை விட இது ஆபத்து, ஏன்னா நீங்க இதை நம்புவீங்க. சென்சார் மேல இருக்கிற எண்ணைப் படிங்க. இஞ்சினை அணைச்சு சாவியை மட்டும் போட்டா பூஜ்ஜியம் காட்டணும்.

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் பாத்திரம், உள்ளே நூலில் தொங்கும் சென்சார்]

தண்ணிச் சூட்டு சென்சாரைச் சோதிக்க பட்டறை வேணாம், அடுப்பு போதும். பழைய பாத்திரத்துல தண்ணியைத் தளதளன்னு கொதிக்க விடுங்க. சென்சாரை அடியில படாம நூல்ல தொங்க விடுங்க. நம்ம ஊர் கடல் மட்டத்துக்குப் பக்கம், அதனால 100 டிகிரி. அப்புறம் ஐஸ் நிறைஞ்ச தண்ணியில வைங்க, பூஜ்ஜியம். என் திரையில கொதிக்கிற தண்ணிக்கு 91 காட்டுச்சு. வேற சென்சாரோட அட்டவணையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படியே ஓட்டியிருந்தா, 105-ஐத் தாண்டினப்புறமும் இன்னும் நூறைத் தொடலைன்னு நிம்மதியா இருந்திருப்பேன்.

அஞ்சாவது படி: திரையில என்ன இருக்கணும்?

இதுதான் நிறைய தம்பிங்க தடுமாறுற இடம். இருக்கிற எல்லா எண்ணையும் ஒரே பக்கத்துல அடுக்குவாங்க. மணிக்கு 200 கிலோமீட்டர்ல போற காடி ஒரு நொடியில 55 மீட்டர் ஓடும். ஒரு எண்ணைத் தேடிப் படிக்க ஒரு நொடி ஆச்சுன்னா, 55 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி. ஓட்டும்போது வர்ற பக்கத்துல கியர், ஷிஃப்ட் விளக்கு, முந்தைய நல்ல சுத்தோட நேர வித்தியாசம். இது மூணும் போதும். சூடு, அழுத்தம், பேட்டரி வோல்ட் எல்லாம் பிட்ல பார்க்கிற பக்கத்துல.

அப்போ ஆயில் அழுத்தத்தை யார் கவனிக்கிறது? அலாரம் கவனிக்கும். அதுதான் ஆறாவது படி.

நிபந்தனையோட போடுங்க. சூடான இஞ்சின் ஐட்லிங்ல 15 பிஎஸ்ஐ காட்டுறது சகஜம். அதுக்கெல்லாம் அலாரம் அடிச்சா, ரெண்டே நாள்ல அதை மதிக்க மாட்டீங்க. அதனால ஆர்பிஎம் 4000-க்கு மேல இருக்கும்போது அழுத்தம் 40-க்குக் கீழ போனா மட்டும் திரை முழுக்கச் சிவப்பு. இந்த எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. முதல் நாள் மெதுவா ஓட்டி, பதிவான தகவலைப் பார்த்து, உங்க இஞ்சினுக்கு எது இயல்புன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்குக் கொஞ்சம் கீழ வைங்க. தண்ணிச் சூட்டுக்கு 100-ல மஞ்சள், 105-ல சிவப்பு நல்ல தொடக்கம்.

முடிஞ்சா தண்ணி அழுத்தத்துக்கும் ஒரு சென்சார் போடுங்க. ஹோஸ் வெடிச்சு தண்ணி போயிட்டா, சூட்டு சென்சார் காத்துல நின்னுக்கிட்டு குறைவான எண்ணைக் காட்டும். அழுத்தம் விழுந்தது மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

ஒரு வார்த்தை: இது டிராக் காடிக்கு மட்டும். ரோட்டுல ஓடுற காடியில பழைய மீட்டரைக் கழட்டாதீங்க. டிராக் வேகத்தை சடக்குல காட்டவும் காட்டாதீங்க.

[காட்சி: காடிக்குள், ஹெல்மெட்டுடன் அமர்ந்தபடி]

கடைசியா, டிராக்குக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி இதைச் செய்யுங்க. ஹெல்மெட் போட்டு, பெல்ட் கட்டி, சீட்ல உக்காருங்க. ஸ்டியரிங் திரையை மறைக்குதான்னு பாருங்க. கூட்டாளியை இஞ்சின் பக்கம் நிக்கச் சொல்லுங்க. சோதனைக்காக அலாரத்தோட ஆர்பிஎம் எல்லையை 1000-க்கு இறக்குங்க, அழுத்த எல்லையையும் ஐட்லிங்ல காட்டுற எண்ணுக்குக் கீழ இறக்குங்க, இல்லன்னா கழட்டுறதுக்கு முன்னாடியே சிவப்பு வந்துரும். இஞ்சினைப் போட்டு 1500-ல பிடிங்க. அவர் ஆயில் சென்சார் பிளக்கைக் கழட்டட்டும்.

இதோ, கழட்டிட்டார். பாருங்க, திரை முழுக்கச் சிவப்பு. என் கால் தானா ஆக்சிலரேட்டரை விட்டுருச்சு. கண் எண்ணைத் தேடவே இல்ல. அன்னைக்கு எனக்கு இது இருந்திருந்தா இந்த பேரிங் இப்பவும் இஞ்சினுக்குள்ள இருந்திருக்கும்.

ஆர்பிஎம் எல்லையைத் திரும்ப 4000-க்கு ஏத்துங்க, அழுத்த எல்லையையும் பழைய இடத்துக்குக் கொண்டு வாங்க. உங்க காடியில இந்தச் சிவப்பு வரலைன்னா நாளைக்குப் போகாதீங்க, வயரைத் தேடுங்க. வந்துச்சுன்னா நிம்மதியா தூங்குங்க, காலையில செப்பாங்ல பார்ப்போம்.