கொலோசியம் கூறும் சாட்சி

உரோமாபுரிக்குச் செல்லும் கிறிஸ்தவர் பெரும்பாலும் கொலோசியத்தைக் காணாது திரும்புவதில்லை. ஆதித் திருச்சபையின் அடியார் சிங்கங்களுக்கு இரையான இடம் இதுவே எனும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. நம் பிரசங்கங்களிலும் இவ்வரங்கு அடிக்கடி இடம் பெறுகின்றது. ஆயினும் அதன் முன் நிற்கும்போது நாம் கேட்கவேண்டிய முதல் வினா, இங்கு நடந்தவற்றுள் நாம் உறுதியாக அறிந்தவை யாவை என்பதே.

1. அரங்கின் தோற்றம்

கி.பி. 64இல் உரோமையைப் பெருந்தீ பாழாக்கியபின், நீரோ நகரின் நடுவே தனக்கெனப் பொன் மாளிகையும் செயற்கை ஏரியும் அமைத்தான். பின்னர் அரசேற்ற வெஸ்பாசியான் அவ்வேரி இருந்த நிலத்தில் இவ்வரங்கைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் தீத்து கி.பி. 80இல் நூறு நாள் விழாவுடன் அதனைத் திறந்துவைத்தான். நீள்வட்டமான இக்கட்டடத்தின் நீளம் ஏறத்தாழ 188 மீட்டர், அகலம் 156 மீட்டர், உயரம் 48 மீட்டர். சுமார் 50,000 பேர் இதில் அமரலாம். முன்வரிசைகளில் ஆட்சிமன்றத்தார், அவர்க்குப்பின் செல்வர், பின்னர்க் குடிமக்கள், உச்சியில் ஏழைகளும் பெண்களும் எனச் சமுதாயப் படிநிலை இருக்கைகளிலேயே வகுக்கப்பட்டிருந்தது.

இதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? அரங்கில் கிடைத்த ஒரு கல்லில், பிற்கால எழுத்துகளுக்கு அடியில், பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்த அல்ஃபோல்டி எனும் அறிஞர், போர்க்கொள்ளையைக் கொண்டு இவ்வரங்கு கட்டப்பட்டது எனும் வாசகத்தை 1995இல் மீட்டமைத்தார். கி.பி. 70இல் வீழ்ந்த எருசலேமின் கொள்ளையே அது என அறிஞர் பலர் கருதுவர். அருகிலுள்ள தீத்துவின் வளைவில், தேவாலயத்தின் குத்துவிளக்கைப் போர்வீரர் சுமந்துசெல்லும் காட்சியை இன்றும் காணலாம்.

2. இரத்தசாட்சிகள் பற்றிய மரபு

நீரோவின் காலத்துக் கிறிஸ்தவர்கள் இங்கு மாண்டிருக்க இயலாது. அப்போது இவ்வரங்கே இல்லை. அவர்கள் நீரோவின் தோட்டத்தில் வதைக்கப்பட்டனர் எனத் தாசித்து எழுதுகிறார். அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ், விலங்குகளிடமிருந்து தம்மைத் தப்புவிக்க முயலவேண்டாம் என உரோமைச் சபைக்கு எழுதினார். ஆனால் அந்நிருபம் இவ்வரங்கைக் குறிப்பிடவில்லை. தொன்மையான சான்றுகளை ஆராய்ந்த தெலஹே எனும் இயேசு சபைக் குரு, குறிப்பிட்ட எந்த இரத்தசாட்சியும் இங்கு மாண்டதாக நிறுவ இயலாது என 1897இல் எடுத்துக்காட்டினார். இடைக்காலத்தில் இதன் கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். 18ஆம் நூற்றாண்டில் போப்பு 14ஆம் பெனடிக்ட் இதனைக் கிறிஸ்துவின் பாடுகளுக்கெனப் பிரதிஷ்டை செய்தது இம்மரபை மேலும் வலுப்படுத்தியது.

ஆகவே கிறிஸ்தவர் எவரும் இங்கு மாளவில்லை என்று நாம் சொல்லத் துணியோம். மாண்டிருக்கக்கூடும், உறுதியான சான்று இல்லை என்பதே நேர்மையான விடை.

3. நாம் கற்கவேண்டியது

இதனால் இரத்தசாட்சிகளின் மேன்மை குறைந்துவிடுமோ? குறையாது. சத்தியத்திற்காக மரித்தோரை உறுதியற்ற கதைகளால் கனம்பண்ண வேண்டியதில்லை. பிரசங்க பீடத்திலிருந்து கேட்டதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் சபையார்முன் நாம் நிற்கிறோம் என்பதை மறவாதிருப்போமாக.

மற்றொன்றும் உண்டு. இவ்வரங்கில் மாண்டோர் எனச் சான்றுள்ளவர்கள் அடிமைகள், போர்க்கைதிகள், தண்டனை பெற்றோர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். நம்மவர் இங்கு மாண்டனரோ என்று மட்டும் தேடிய நாம், இவர்களைக் காணத் தவறினோம். நம்மவர் அல்லாதார் சிந்திய இரத்தத்திற்காகத் துக்கிக்க அறியாத சபை, சிலுவையின் பொருளை முழுமையாக அறிந்ததாகாது.

மரண தண்டனை எங்கேனும் நீக்கப்படும்போது இவ்வரங்கைப் பொன்னொளியால் விளக்கும் வழக்கம் 1999இல் தொடங்கிற்று. கொலையைக் கண்டு மகிழ்ந்த இடம், உயிர் காக்கப்பட்டதை அறிவிக்கும் இடமாயிற்று. கொலோசியத்தைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்புவோர்க்கு இதுவே போதிய பொருள்.