புற்றுநோய் வலி: மலையில் நோயாளி, தில்லியில் சட்டம்

புதுதில்லி: வாய்ப் புற்றுநோயால் தாடையை இழந்தவருக்கு, முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பை ரத்தக் குழாய்களுடன் எடுத்துப் பொருத்தி முகத்தை மீட்டுத் தருகின்றனர் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள். அடுத்து வரும் நாட்களில் வலி முகத்தில் மட்டுமல்ல, எலும்பு எடுக்கப்பட்ட காலிலும்தான்.

இதற்கு மயக்கவியல் மருத்துவர்கள் கையாளும் முறை, பகுதி மயக்கம். முழங்காலின் பின்புற நரம்பருகே நுண்குழாய் செருகி, பூபிவகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை இரண்டு, மூன்று நாட்கள் செலுத்துகின்றனர். மார்பகச் சீரமைப்பில் முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளுக்கு இது தரப்படுகிறது. நோயாளி தெளிவுடன் இருக்கிறார். மார்ஃபின் தேவை குறைகிறது.

பூபிவகெய்ன் போதைப்பொருள் சட்டத்திற்குள் வராது. ஆனால் நரம்பைத் துல்லியமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் கருவி, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பெண் சிசுவைக் காக்கும் இச்சட்டம் தளரக் கூடாது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும், நரம்பைத் தேடும் மருத்துவருக்கு எளிய நடைமுறை ஒன்றை வகுத்தால் சட்டம் வலுவிழந்துவிடாது.

மருத்துவமனையை விட்டு வெளியேறுமுன் நரம்புக் குழாய் அகற்றப்பட்டுவிடும். நோய் திரும்பினால் வீட்டில் துணை மார்ஃபின் மாத்திரையே. ரயில் பாதையற்ற இடுக்கியில், மூணாறு, தேவிகுளம் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய சிகிச்சைக்குக் கொச்சி, கோட்டயம் செல்கின்றனர். அல்லது போடிமெட்டு இறங்கித் தேனி, மதுரை செல்கின்றனர். பாலக்காட்டின் சித்தூர்வாசிகளுக்குக் கோவை அருகில். ஒரு மாநிலத்தில் அறுவை, மறு மாநிலத்தில் வீடு!

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்களைக் கோரியது. கடுந்தண்டனைக்கு அஞ்சிய மருத்துவமனைகள் மார்ஃபினை இருப்பு வைப்பதையே கைவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமத்துடன் அபின் பயிராகிறது. அதை ஏற்றுமதியும் செய்த நாடு, தன் நோயாளியைத் துடிக்க விட்டது. 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண இயக்கத்தைத் தொடங்கியோரில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் பல்லாண்டுகள் போராடிய பின்னரே, 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறைக்கு வழிவகுத்தது.

கேரளம் 2008லேயே இதற்கெனக் கொள்கை வகுத்தது. ஊராட்சிகளின் உதவியுடன் செவிலியர்கள் நோயாளியின் வீட்டுக்கே செல்கின்றனர். புதிய விதிகளின்படி, மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைக்கு அங்கீகாரமும், பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். அந்த இரண்டையும் மலையோர அரசு மருத்துவமனைகளுக்குப் பெற்றுத் தருவது இனி தில்லியின் வேலையல்ல, எல்லையின் இருபுறமும் உள்ள மாநில அரசுகளின் வேலை.