முழங்காலைக் கேட்டு வரைந்த பாதை

ஆறு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தை வட இங்கிலாந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆர்டினன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடம். நாலு சென்டிமீட்டர் நீளம் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். வயலுக்கு வயல் எழுப்பிய கல்சுவர், ஓடை, ஆட்டுப்பட்டி எல்லாம் அதில் தெரியும். நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் சங்கிலியும் புலப்படமுமாக வரப்பில் நடந்தவன் நான். வரைபடத்தை வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில்தான், அறுபது தாண்டிய நானும் என் மனைவியும் அடுத்த மே மாதம் அந்த நாட்டுப்புறத்துக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம்.

ஏன் வடக்கு என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது அந்த மலையடியில். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் வேலைக்கு அதுவே தொடக்கம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே அவர் சரிசெய்தார். பயிற்சிக் காலத்தில் இந்தக் கதையைக் கேட்காத சர்வேயர் எங்களில் குறைவு. அந்த மனிதர் பிறந்தது வட யார்க்‌ஷயரில், நார்தாலர்ட்டன் அருகில் உள்ள கிராஸ்பி கிரேஞ்ச். நம் மண்ணை அளக்க வந்து, 1823-இல் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் உயிர்விட்டவரின் சொந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் திட்டத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு நாள், எட்டு ஓட்டல், லண்டனில் ஏறி எடின்பரோவில் இறங்க வேண்டும். ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) என்ற மலைப்பகுதிக்கு ஒதுக்கியது ஒரே பிற்பகல். என் மனைவி படித்துவிட்டு, “என்னங்க, இதுல பெட்டி கட்டறதுக்கே எட்டு நாள் போயிடுமே” என்றாள். அன்றே முடிவு செய்தோம்: மூன்றே ஊர், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இரவு. இடம் மாற ரயில், பக்கத்து இடங்களுக்கு உள்ளூர் பஸ். அவளுக்கு இடது முழங்கால் தேய்மானம். சமதளத்தில் நாலு கிலோமீட்டர் நடப்பாள்; இறக்கம்தான் ஆகாது. ஆகவே பாதை போட்டது நான் என்றாலும், ஒவ்வொரு வளைவிலும் அந்த முழங்காலைக் கேட்டுத்தான் போட்டேன்.

லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறினால் நார்தாலர்ட்டனுக்கு நேர் ரயில், இரண்டரை மணி நேரம். ஒரு நாள் லாம்ப்டனுக்கு. அடுத்து பஸ் மாறி மாறி மேற்கே, வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் ஹாஸ் என்ற சந்தை ஊருக்கு. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன அதுதான் நாங்கள் தங்கும் முதல் ஊர். அங்கிருந்து மலைக்கணவாய் ஒன்றைத் தாண்டினால் ஸ்வேல்டேலில் மியூகர் கிராமம். மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை அதன் வைக்கோல் புல்வெளிகளில் பூ நிறைந்திருக்கும். ஜூலை நடுவில்தான் புல் அறுப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 1930-களுக்குப் பிறகு இப்படிப்பட்ட புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டது. உரம் போட்டு உழுது, சீக்கிரம் வளரும் புல் ஒன்றையே விதைத்ததுதான் காரணம். மிச்சமிருக்கும் மூன்று விழுக்காட்டில் ஒரு துண்டைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்கும்போதே, நம்மூரில் மேய்ச்சல் புறம்போக்கு என்று நானே எல்லைக்கல் நட்ட எத்தனையோ இடங்கள் கண்முன் வந்து போகின்றன.

மியூகரில்தான் முழங்கால் குறுக்கிட்டது. சாந்தில்லாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிய அந்தச் சுவர்களைத் தாண்ட ஆங்காங்கே கடவை இருக்கும். நம்மூர் வேலியில் ஆடுமாடு நுழையாமல் ஆள் மட்டும் நுழைய விடுவோமே, அதே வேலை. சில இடத்தில் சுவரிலேயே நீட்டிய கல்படி. சில இடத்தில் ஒருவர் ஒருக்களித்து நுழையும் இடுக்கு. இளவட்டங்களுக்கு விளையாட்டு. தேய்ந்த முழங்காலுக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. இதை அந்த நாட்டுக்காரர்களும் உணர்ந்திருக்கிறார்கள். ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா, கடவையே இல்லாத சுமார் ஐம்பது பாதைகளைத் தனியாகத் தொகுத்து, எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் மலைக்காற்று உரியது என்று நினைத்துச் செய்த வேலை அது. அந்தப் பட்டியலைக் கண்ட அன்றுதான் இந்தப் பயணம் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஹாஸிலிருந்து ஆறு மைலில் கார்ஸ்டேல் ஸ்டேஷன். செட்டிலிலிருந்து கார்லைல் போகும் ரயில்பாதை அது. 1876-இல் பயணிகளுக்குத் திறந்தது. வடக்கே போவதற்கு முன், ஒரு பகல் தெற்கே போய் இருபத்து நாலு வளைவுள்ள ரிபிள்ஹெட் பாலத்தைக் கடந்து திரும்பப் போகிறோம். 1980-களில் இந்தப் பாதையையே மூடிவிடப் பார்த்தார்கள். எதிர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. ஒன்றில் இருந்தது ரஸ்வார்ப் என்ற நாயின் பாதச்சுவடு. அதற்கும் டிக்கெட் வாங்கியே எஜமானர் கூட்டிப் போவாராம், எனவே அதுவும் பயணிதான் என்று கணக்கு. 1989-இல் பாதை பிழைத்தது. அடுத்த ஜனவரியில் வேல்ஸ் மலைக்கு நடக்கப் போன எஜமானர் அங்கேயே இறந்துபோக, குளிர்காலத்தில் பதினொரு வாரம் அந்த நாய் உடலை விட்டு நகரவில்லை. கார்ஸ்டேல் நடைமேடையில் அதற்குச் சிலை இருக்கிறது. அதன் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஒரு ரயிலை முன்கூட்டி விட்டுக் கணக்கிட்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பெயரை மட்டும் பார்த்து ஸ்டேஷனில் இறங்கிவிடக் கூடாது. அதே பாதையில் உள்ள டென்ட், இங்கிலாந்தின் முதன்மை ரயில்பாதைகளிலேயே உயரமான ஸ்டேஷன், 1,150 அடி. டென்ட் கிராமமோ நாலு மைல் தள்ளி, அறுநூறு அடி கீழே இருக்கிறது. வரைபடத்தில் சமோச்சக் கோடுகள் நெருங்கி நிற்பதைப் பார்க்காதவர்கள் அங்கே பெட்டியோடு மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது ஊர், ஏரி மாவட்டத்தில் உள்ள கெசிக். எழுத்தில் நடுவே ஒரு ‘வ’ உண்டு, வாயில் வராது. பெரிய ஊரான விண்டர்மியரை விட்டு இதைத் தேர்ந்தது, இங்கே இறங்கினால் ஏறாமலே மலைகளுக்கு நடுவில் இருக்கலாம் என்பதால். டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றித் துறைதோறும் நின்று போகும் படகு உண்டு. ஒரு துறையில் இறங்கி நடந்து அடுத்த துறையில் ஏறலாம். பழைய ரயில்பாதையை நடைபாதையாக்கி த்ரெல்கெல்ட் வரை மூன்று மைல் கொண்டுபோயிருக்கிறார்கள். 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் அதன் பாலங்கள் அடித்துப் போயின. 2020-இல் மறுபடி திறந்தது. ரயில் ஓடிய பாதை என்பதால் செங்குத்து ஏற்றம் இருக்காது. எங்களுக்காகவே போட்டது போல.

மழைக்குத் தப்ப முடியாது. கெசிக்குக்குத் தெற்கே சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஏரி நிறைந்திருப்பதே அந்த மழையால்தான், அதனால் மழைச்சட்டையை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கவலையை மறந்துவிட்டேன்.

இந்த மலைகளை எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். கெண்டல் நகராட்சியில் கணக்குப் பார்த்தவர். 1952-இல் உட்கார்ந்து 1966-க்குள் ஏழு கையேடுகளை முடித்தார். 214 மலைகள், படமும் எழுத்தும் எல்லாம் அவர் கைப்பட. கார் ஓட்டத் தெரியாதவர். வார விடுமுறையில் பஸ்ஸில் போய், பஸ்ஸில் திரும்பிச் செய்த வேலை. முதுமையில் கண்பார்வை மங்கிப்போனது. அவர் வரைந்த ஒரு மலைச்சரிவைப் பார்த்தால் கோடு போட்ட கையின் பொறுமை எனக்குப் புரியும், அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால்.

கடைசி ஐந்து இரவு ஸ்காட்லாந்துக்கு. பென்ரித்திலிருந்து கிளாஸ்கோ, அங்கிருந்து ஃபோர்ட் வில்லியம், மாலெய்க் கடற்கரை. ரானக் சதுப்பில் தரை உறுதியாக இல்லாததால் விறகும் வேரும் மண்ணும் கொட்டி, அதன்மேல் மிதக்கவிட்டதுபோல் 1894-இல் ரயில்பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே நடக்கும் திட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். மே மாதத்தையே தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: ஜூன் தொடங்கிவிட்டால் அந்த மேற்குக் கரையில் கண்ணுக்குத் தெரியாத சிறு கொசுக்கள் மொய்க்கும். மே நடுவில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை ஏற்பாடு, ஆனால் வயதானவர்களுக்கு அதுதான் பயணத்தைக் காப்பாற்றும். அறுபது ஆனவர்களுக்கு அங்கே ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் அட்டை உண்டு. வெளிநாட்டவரும் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒரே விசா. தங்குமிடத்தில் முதல் கேள்வியே தரைத்தள அறை உண்டா என்பது. பழைய வீடுகளின் மாடிப்படி ஏணிபோல் நிமிர்ந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அன்று ஊர் மாறக் கூடாது. மருத்துவமனையில் சேர நேர்ந்தால் நம்மைப் போன்ற பார்வையாளர்களிடம் வழக்கமான கட்டணத்தில் 150 விழுக்காடு வாங்குவார்கள். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் சொல்லிக் காப்பீடு எடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

கெசிக் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இடையர்கள் ஆடு எண்ணுவதற்கென்றே ஒரு பழைய கணக்கு இருந்தது: யான், ட்யான், டெதெரா, மெதெரா, பிம்ப். ஆங்கிலம் வருவதற்கு முன் அங்கே பேசிய மொழியின் எச்சம் என்று கருதுகிறார்கள். இருபது வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. இதைச் சொன்னதிலிருந்து என் மனைவிக்கு அதுவே மந்திரமாகிவிட்டது. இப்போது தினமும் காலை ஐந்தரைக்குப் பரங்கிமலைப் படிக்கட்டில் பழகுகிறோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணுகிறாள். பிம்ப் வந்ததும் நின்று மூச்சு வாங்குகிறாள். கீழே விமான நிலையத்தின் ஓடுபாதை விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன. “ம், யான்” என்று அடுத்த படியில் கால் வைக்கிறாள்.